எதிர்காற்றில் ஒன்றேமுக்கால் மணி நேரம்

அன்புள்ள மகனுக்கு,

பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுதுகிறேன். நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசி முடித்ததும் உன் அம்மா சமையலறையில் பாட்டு முணுமுணுக்க மாட்டாள். அவளுடைய ஆபரேஷன் காயம் ஆறிவிட்டது. என் காயங்கள்தான் அப்படியே இருக்கின்றன. என்னைவிட ஆறு வயது இளையவரைத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள், அவர் வாய்நிறைய "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே எட்டாம் வகுப்பின் கடைசிப் பீரியடை என் தலையில் கட்டுகிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மாமா உன் பக்கம் பேசியதையும் நான் மறக்கவில்லை, அவருடைய ஏணியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த வராந்தாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீ அனுப்பிய டிக்கெட்டைப் பார்க்காமல், போக ஆகிற நேரம்தானே வரவும் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டு, எட்டரைக்கு வந்துவிடுவான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ஒன்பது மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோகும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தேகாலுக்குப் பெட்டியோடு ஓடி வந்து, "வர்றப்ப எதிர்காத்துப்பா, கூட நேரம் ஆகும்" என்றாய். "ப்ளேன் என்ன சைக்கிளாடா, எதிர்காத்துல மிதிச்சுக்கிட்டு வர?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நர்சுகள்கூடச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

போன வாரம் அம்மா உன்னிடம் வர டிக்கெட் எடுத்தாள், என்னைக் கேட்காமலே இரண்டு. தூரம் இரண்டு பக்கமும் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்தான், ஆனால் போக பதினான்கு மணி இருபது நிமிடம், திரும்பி வர பதினாறு மணி ஐந்து நிமிடம். ஏர்லைன்ஸ்காரன் ஏதோ தப்பாகப் போட்டிருக்கிறான் என்றேன். அவள் என் பையிலிருந்து எட்டாம் வகுப்புப் பூகோளப் புத்தகத்தை எடுத்து, "வருஷா வருஷம் நடத்துறீங்களே, ஒரு தடவையாச்சும் படிச்சுப் பாருங்க" என்று நீட்டினாள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, கிழக்கே உன் ஊருக்குப் போகும் விமானத்தைத் தள்ளிவிடும், மேற்கே திரும்பி வருவதைத் தடுக்கும். கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தவன் நானேதான். இருபத்தாறு வருடமாக இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். வராந்தாவில் எனக்குப் பூஜ்யம்.

அம்மா எப்படியும் வருவாள். இரண்டாவது டிக்கெட்டை மாதக் கடைசிவரை ரத்து செய்யலாமாம். நான் வரலாமா என்பதை அதற்குள் அவளிடம் சொல்லிவிடு, மறந்துவிடாதே. வரலாம் என்றால் எங்களுக்குப் பின்காற்று, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்போம். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இதை மனதாரச் சொல்கிறேன்.

பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் இருக்காது, தெரிந்தால் திருத்துகிறவர் கை கோணிவிடும். அதனால் நானும் கீழே எதுவும் எழுதாமல் இதைத் தபாலில் போடுகிறேன். யார் எழுதியது என்று பார்க்காமல் திருத்து.