தட்டு வருமுன் போட்ட ஊசி

சோகோரோ, செவ்வாய்

அன்பு மகள் மார்லெனிக்கு,

நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் தம்பி ஓவிதியோ உயிரோடு இருக்கிறான், வலென்சியாவில் நீ சுகமாயிருக்கக் கன்னி மரியாளை வேண்டுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் இருக்கும் பராமரிப்பு விடுதிக்கு நன்கொடைச் சீமாட்டிகள் வரும் நாள், அவர்கள் கையால் பரிமாறிப் படம் எடுத்துக்கொள்ளும்வரை யாரும் சோற்றைத் தொடக்கூடாது. நர்ஸ் பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் இன்சுலின் போட்டுவிட்டாள், சீமாட்டிகள் வந்தது ஒன்றேகாலுக்கு. நான் போனபோது ஓவிதியோவை அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். சட்டை வேர்வையில் ஊறி, காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தான். தலை சுற்றுகிறது என்று அவனுக்குச் சொல்ல வராது, சர்க்கரை இறங்கினால் சப்பாத்தைக் கழற்றுவான் என்று நான் எழுதிக் கொடுத்து மூன்று வருடமாகிறது, காகிதம் சுவரில் ஒட்டியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. "தோன் எலியேசர் ஐயா, உங்க மகன் அடம் பிடிக்கிறாரு, விருந்தாளிங்க முன்னாடி அசிங்கமா இருக்கும்னு உள்ள வச்சோம்" என்றாள் பராமரிப்புப் பெண். என் கருவியில் அவன் விரலைக் குத்திப் பார்த்தேன், சர்க்கரை நாற்பத்தொன்று, எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. வெல்லத் தண்ணீர் கேட்டால், சர்க்கரை நோயாளிக்கு வெல்லமா என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். சமையல்காரி பிரிஹிதாதான் குவளையோடு வந்து, "நகருடி படிச்சவளே" என்று அவளைத் தள்ளிவிட்டுப் புகட்டினாள். விழுங்க முடிந்ததால் பிழைத்தான்.

நேற்று நிர்வாகி தோன்யா இமெல்டா கூப்பிட்டாள், மன்னிப்புக் கேட்க என்று நினைத்துப் போனேன். ஓவிதியோ முரடனாகிவிட்டானாம், தினம் அடக்கும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டுமாம், சம்மதக் கையெழுத்து போடு என்கிறாள். தட்டு முன்னால் வந்த பிறகு ஊசி போடுங்கள், கோபப்பட்டால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள் என்றேன். "நீங்க பஸ் மெக்கானிக், டாக்டர் இல்ல" என்றாள். "ஆமாம்மா, வண்டி நின்னா டீசல் இருக்கான்னு பாப்பேன், டிரைவரைப் பூட்டி வைக்க மாட்டேன்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அந்தத் தாளை உனக்கு அனுப்பப் போகிறாள், சட்டப்படி நீயும் அவனுக்குக் காப்பாளர்தானே. அப்பாவுக்கு ஊரெல்லாம் சண்டை, விடுதிக்காரர்களுக்குத் தெரியாததா என்று நீ அம்மாவிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. மகளே, சொட்டைக் குடித்துத் தூங்குகிறவன் சப்பாத்தைக் கழற்ற மாட்டான். சர்க்கரை இறங்கினாலும் சமர்த்தாய்ப் படுத்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும், குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள். முடியாது என்று இமெல்டாவுக்கு எழுதி அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய். அதற்கு முன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு, உங்கள் இருவருக்கும் அப்பா,
எலியேசர்