தொழுவ வாசலில் தூபச் சட்டி

டிசம்பர் 22

வந்து சேர்ந்தாயிற்று. எத்தனையோ வருடம் கழித்து டிராம் டிப்போவில் எனக்குக் கிறிஸ்துமஸுக்கு விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். வியன்னாவில் மழை, இங்கே முழங்கால் வரை பனி. பஸ் கீழ்க் கிராமத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தம்பி செவெரின் பனி தள்ளும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். குளிர்காலத்தில் ஊராட்சிக்காக அதை அவன்தான் ஓட்டுகிறான். விடிகாலையில் மாடு, பகலில் பனி, சாயங்காலம் திரும்ப மாடு.

"அக்கா, சும்மா சும்மா காலால தரையை மிதிக்காத. இது டிராம் இல்ல, உன் பக்கம் பிரேக் கிடையாது" என்றான். இருந்தும் வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டுதான் வந்தேன்.

அவன் மனைவி அஃப்ரா மேல் அறையில் எனக்குப் படுக்கை போட்டு, வெந்நீர்ப் பையும் வைத்திருந்தாள். நல்லவள். அவளிடம் என்ன பேசுவதென்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்பா வாசலில் நின்று "வந்துட்டியா" என்றார். "வந்துட்டேன்ப்பா" என்றேன். எங்கள் வீட்டில் இதுவே நீண்ட பேச்சு.

டிசம்பர் 23

சாப்பாட்டுக்கு முன் சீட்டாட உட்கார்ந்தோம். அப்பா கட்டைக் கலைக்காமல் செவெரின் பக்கம் தள்ளி, "நீயே போடு" என்றார். அடுத்தவன் சீட்டைப் போட்டால் ஏமாற்றிவிடுவான் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர் அவர்.

"வயசானா பெருந்தன்மை வரும்னு சொல்வாங்க. நம்பல, இன்னைக்கி நம்புறேன்" என்றான் செவெரின். அப்பா சிரிக்கவில்லை.

டிசம்பர் 24

என்ன நடந்தது என்று முதலில் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது புரிகிறதா பார்ப்போம்.

வீட்டுக்கும் தொழுவத்துக்கும் தூபம் காட்டும் புகை இரவுகளில் முதலாவது இன்று. இன்னும் இரண்டு இருக்கின்றன, வருடக் கடைசியில் ஒன்று, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்தினம் ஒன்று. பால் கறந்து முடித்ததும் அம்மா அடுப்பிலிருந்து தணலை அள்ளித் தூபச் சட்டியில் போட்டாள். அப்பா சாம்பிராணியைத் தூவி, தடித்த கையுறையோடு இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் நான். எனக்குப் பின்னால் தீர்த்தக் கிண்ணத்தோடு அம்மா, அப்புறம் செவெரின், அஃப்ரா. செபமாலை சொல்லிக்கொண்டே அறை அறையாகப் போனோம். கூடத்தில் எல்லோரும் தொப்பியைக் கழற்றிப் புகையில் காட்டினோம். வருடம் முழுக்கத் தலைவலி வராதாம். டிப்போவில் எனக்குக் கொடுத்த கம்பளித் தொப்பியை நான் காட்டினேன். "அதுக்கு ரெண்டு தடவை காட்டு, அவ்வளவு அசிங்கமா இருக்கு" என்றான் செவெரின். அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

கடைசியாகத் தொழுவம். வாசலில் அப்பா நின்றார், திரும்பினார், சட்டியை என் கையில் வைத்தார்.

தாழ்ப்பாளைத் திறக்கத்தான் தருகிறார் என்று நினைத்து வாங்கினேன். திறந்தார். நான் சட்டியை நீட்டினேன். அவர் ஒதுங்கி நின்று, உள்ளே போ என்று தலையாட்டினார். நானும் போய்விட்டேன். மாடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது, பின்னால் செவெரினின் குரல் 'அருள் நிறைந்த' என்பதோடு நின்றுபோயிருக்கிறது. அம்மா மட்டும் தனியாகச் சொல்லி முடித்தாள்.

தொழுவத்துக்குள் சட்டியைக் கொண்டுபோகிறவர்தான் பண்ணைக்கு அடுத்த ஆள். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் செவெரின் பிறந்த வருடம் தாத்தா அதே வாசலில் அப்பாவிடம் சட்டியைக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு தாத்தா சாப்பாட்டு மேசையில் குடும்பத் தலைவரின் இடத்தில் உட்காரவே இல்லை.

தெரிந்தும் நான் ஏன் உள்ளே போனேன்? அப்பா ஏன் என்னிடம் கொடுத்தார்? நானா? மாட்டைத் தொட்டு எத்தனை காலம் ஆகிறது.

டிசம்பர் 25

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் வாத்துக் கறியைப் பற்றியே பேசினார்கள்.

டிசம்பர் 26

ஸ்தேவான் திருநாள் பூசை. கோயில் வாசலில் பக்கத்துப் பண்ணைக் காசியன் தொப்பியைக் கழற்றி என்னைக் கும்பிடாத குறையாக நின்றார். "என்னம்மா பூர்கி, டிராமைக் கொண்டாந்து தொழுவத்துல நிறுத்தப் போறியாமே. மாட்டுக்கு டிக்கெட் உண்டா?"

நாலு பேர் சிரித்தார்கள். செவெரின் பனி தள்ளப் போக வேண்டும் என்று வேகமாக நடந்துவிட்டான். வானம் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது, தள்ளுவதற்கு எங்கேயும் பனி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா ஏம்மா அப்படிச் செஞ்சாரு?"

"எப்படிச் செஞ்சாரு?" என்றாள் அம்மா. அப்பாவுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிக் கோப்பை ஊற்றி நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பர் 28

ஒன்றை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். என்னைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்வேன், செவெரின்தானே எல்லாம் செய்கிறான் என்று சொல்வேன். அப்படித்தான் இரண்டு நாளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆனால் இன்று மதியம் பனியில் தனியாக நடந்து, காட்டு ஓரத்திலிருந்து வீட்டைத் திரும்பிப் பார்த்தபோது, அந்த ஜன்னல் கதவுகளுக்குச் சிவப்புப் பூசினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. பிறகு மேல் அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடலாம் என்று. பிறகு பசு ஆல்மா கிழடாகிவிட்டாள், நல்ல பசுவாக ஒன்று வாங்கலாம் என்று.

எனக்கு வேண்டுமா? வேண்டாத ஆளுக்கு எதற்குச் சிவப்பு?

அப்பா என்னைத் தேர்ந்தெடுத்தார் என்பதே எனக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. அவர் இதுவரை என்னை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

டிசம்பர் 31

இரண்டாவது புகை இரவு. செவெரின் வரவில்லை. நிஜமாகவே பனி கொட்டுகிறது, வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றும் தொழுவ வாசலில் அப்பா சட்டியை என்னிடம் நீட்டினார். எதற்கு என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்ததும் சமையலறையில் அஃப்ரா பேரிக்காய் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அண்ணி, உங்களுக்கு இது வேணுமா?"

"ரொட்டியா?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பாக்குறேன், அவர் ஒருநாள் காலைல தூங்கினதில்ல. மாமாவுக்கு முதுகு வலின்னா இவர், அத்தைக்கு முட்டி வலின்னா இவர். நீங்க வருஷத்துக்கு ஒரு கார்டு அனுப்புவீங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே, அஃப்ரா."

"கேக்கல. ஆனா வாங்கிக்கிட்டீங்களே."

மேலே வந்து படுத்துவிட்டேன். பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள். புத்தாண்டு வாழ்த்து என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜனவரி 2

இன்று கிளம்புவதாக இருந்தேன். கீழே சாலையை மூடிவிட்டார்கள், பனிச்சரிவு அபாயமாம். டிப்போவுக்குப் போன் செய்தேன். மேற்பார்வையாளர், "மலையில மாட்டிக்கிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க, நீ ஒருத்தி சொன்னா நம்புவேன்" என்றார். யாரும் பேசாத வீட்டில் மாட்டிக்கொண்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

ஜனவரி 3

செவெரின் விடியும் முன்பே சாலைக்குப் போய்விட்டதால் காலைப் பாலுக்கு அப்பாவோடு நான் தொழுவத்துக்குப் போனேன். "நீ எதுக்கு?" என்றார். கேட்டும் கேட்காததுபோல் கூடவே போனேன்.

கறவை இயந்திரத்தின் குழாயை ஆல்மாவின் மடியில் மாட்டப் போனார். நழுவியது. மறுபடி மாட்டினார், மறுபடி நழுவியது. ஆல்மா காலை உதைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய வலது கை. வெளியில் எப்போதும் கையுறை, மேசையில் அந்தக் கை மடியில், இத்தனை நாளில் அதை நான் கவனிக்கவே இல்லை. நிற்காமல் நடுங்குகிறது.

"எப்பலேர்ந்துப்பா?"

"கோடையில புல் அறுத்ததுலேர்ந்து."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"உங்கம்மா மாதிரியே கேக்குற."

சீட்டுக்கட்டு, பாதிக் கோப்பைக் காப்பி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "அதனாலதான் சட்டிய என்கிட்ட கொடுத்தீங்களா?"

"வீட்டுக்குள்ள கல் தரை, விழுந்தா ஒண்ணுமில்ல. இங்க முழுக்க வைக்கோலு. தணல் விழுந்தா?"

"செவெரினும் அங்கதானே நின்னான்."

அப்பா மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன்கிட்ட கொடுத்தா கொடுத்ததுதான். திரும்ப வாங்க முடியுமா? நீன்னா... நீ லீவு முடிஞ்சா போயிடுவ."

குழாயை நானே மாட்டினேன். கை மறக்கவில்லை.

லீவு முடிஞ்சா போயிடுவ. அவ்வளவுதான் நான். ஆணியில மாட்டி வைக்கிற சாமான் மாதிரி. ஊரே சிரிச்சுது, தம்பி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், நான் என்னடான்னா உக்காந்து ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருந்தேன். சிரிப்பு வருது. சிரிச்சா அழுகையா மாறிடுது.

செவெரினிடம் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குத் தெரியும், அவளிடமும் அதே வாக்கு. சொல்லாவிட்டால் செவெரின் என்னை வாழ்நாள் முழுக்கத் திருடியாகப் பார்ப்பான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வசந்தம் வந்ததும் இந்தக் கையோடு அப்பா அந்தச் சரிவில் டிராக்டரை ஓட்டுவாரே. சொன்னால்? அப்பாவை மேசையில் அந்தத் தலைவர் இடத்திலிருந்து எழுப்பியவள் நானாகிவிடுவேன். என்ன செய்வது? ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரி 4

இன்றும் ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரி 5

கடைசிப் புகை இரவு. "மூணாவதுக்கு வீட்ல எல்லாரும் நிக்கணும், வண்டி ஓடாட்டி ஊர் செத்துடாது" என்று அம்மா செவெரினைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

தணலை அள்ளும்போது அம்மாவிடம் போய், "தீர்த்தம் இன்னைக்கி நான் எடுத்துக்கிறேன்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை ஒரு கையிலும் தீர்த்தம் தெளிக்கும் ஃபிர் மரக் கொத்தை மறு கையிலுமாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் தொப்பியைச் சரி செய்தாள், பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்குச் செய்வதுபோல.

அறை அறையாகப் போனோம். தொழுவ வாசலில் அப்பா நின்றார், திரும்பினார், சட்டியை என் பக்கம் நீட்டினார்.

"கை காலி இல்லப்பா" என்றேன்.

நீட்டிய சட்டி அப்படியே நின்றது. செபம் நின்றுவிட்டது. தணல் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணு என்று ஒலித்தன. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. செவெரின் சட்டியைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையையே பார்த்தான். ஒரு பொறி பனியில் விழுந்து சுர்ரென்றது. அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

செவெரின் முன்னால் வந்தான். "கனமாருக்காப்பா?"

"கனமெல்லாம் இல்ல" என்றார் அப்பா. பிறகு கதவைப் பார்த்து, "தாழ்ப்பாளைத் திறக்கணும்" என்றார்.

செவெரின் வாங்கிக்கொண்டான். அப்பா இடது கையால் கதவைத் திறந்து ஒதுங்கினார். அவன் உள்ளே போகாமல் நின்றான். "போடா, குளிரு உள்ள போகுது" என்றார். போனான். பின்னாலேயே நான் ஒவ்வொரு மாட்டின் மேலும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனேன். அஃப்ரா முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். புகைதான் என்றாள்.

நான் செய்தது சரியா? வாக்கை மீறவில்லை, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது அப்பா என்னிடம் உப்புக்கூடக் கேட்கவில்லை.

ஜனவரி 7

சாலை திறந்துவிட்டது. அப்பா வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. தொழுவத்தில் இருக்கிறார் என்றாள் அம்மா.

செவெரின் கீழ்க் கிராமம் வரை கொண்டுவந்து விட்டான். பாதி வழியில்தான் கேட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணாம் தேதிதான் தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லக்கூடாதுன்னாரு."

"அவர் பேச்சை எப்பக்கா நீ கேட்ட?" என்றான். இரண்டு வளைவு தாண்டி மறுபடி கேட்டான். "உனக்கு வேணும்னு நெனச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு வாரம் நெனச்சேன்" என்றேன்.

"ஒரு வாரத்துல என்ன செஞ்ச?"

"ஜன்னல் கதவுக்கெல்லாம் சிவப்பு அடிச்சேன்."

"சிவப்பா?" வண்டியையே நிறுத்திவிட்டான். "நல்லவேளை தப்பிச்சோம்."

அவன் சிரித்தானா, கோபமா என்று கழுத்துத் துணிக்கு மேல் தெரியவில்லை.

பிப்ரவரி 2

வியன்னா. பனியும் இல்லை, மழையும் இல்லை, சும்மா ஒரு சாம்பல். புகையில் காட்டிய தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன், தலைவலி போகவில்லை.

சாயங்காலம் அஃப்ரா போன் செய்தாள். அவளாக எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. அப்பாவை இன்ஸ்ப்ரூக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்களாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், முக்கால் கோப்பைக் காப்பி குடிக்கிறார். பண்ணையைச் செவெரின் பெயருக்கு மாற்றும் பத்திரம் ஈஸ்டருக்கு அப்புறம். மேசையில் இப்போது அப்பா ஜன்னல் பக்கம்தான் உட்காருகிறார், செவெரின் பால் கறப்பது சரியில்லை என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்ல அண்ணி" என்றாள். பிறகு, "ஒரு படம் அனுப்பிருக்கேன், பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

படத்தில் எங்கள் வீடு. கூரை முழுக்கப் பனி. எல்லா ஜன்னல் கதவுகளும் பழைய பச்சையில் இருக்கின்றன. நான் படுத்திருந்த மேல் அறை ஜன்னலின் கதவுகள் இரண்டு மட்டும் சிவப்பு. ஏணியின் அடியில் அப்பா நிற்கிறார், இடது கையில் பெயிண்ட் டப்பா. கீழே செவெரின் எழுதியிருக்கிறான்: "அப்பாதான் கழட்டி அடிக்கச் சொன்னாரு. அசிங்கமா இருக்குன்னும் அவரேதான் சொல்றாரு."

என்ன அர்த்தம் இதற்கு? எனக்குத் தெரியவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு விடுப்பு வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் நாளைக்கே சொல்லி வைக்க வேண்டும்.