சுண்ணாம்பு வாளியும் உன் ரோடோடென்ட்ரானும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம், அம்மா சுகம், தம்பிக்குப் பல்வலி தீர்ந்தது, நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் ரோடோடென்ட்ரான் செடி மட்டும் சுகமில்லை. ஒரு வருஷமாக ஃபோனில் நான் சொன்னதெல்லாம் பச்சைப் பொய். ஒவ்வொரு ஞாயிறும் பூத்துச்சாப்பான்னு நீ கேட்பாய், நானும் கூசாமல் பூத்துக் குலுங்குதும்மான்னு அளப்பேன். அனுப்பிய படம் பல் டாக்டர் வீட்டுச் செடி, தம்பியைக் கூட்டிப்போனபோது எடுத்தது. அதற்கு நீ சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடும்போதே படித்துப் படித்துச் சொன்னாய், இதுக்குப் புளிப்பு மண்ணுதான் ஒத்துக்கும், வேர் மேலாகவே ஓடும் கொத்தாதீங்க, சுண்ணாம்பு ஆகவே ஆகாதுன்னு. நாற்பது வருஷமாக வெள்ளையடிக்கிறவன் நான், ஊரார் வீட்டுப் புல்லின் மேல்கூட வாளி கழுவினதில்லை. என்னைக் கேட்காமல் கல்யாணத்தை முடித்துவிட்டாய் என்ற கோபத்தில் நீ கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வராமல் பின்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். ரயில் கூவியது கேட்டது. வாளியைக் கொண்டுபோய் உன் செடியின் தூரிலேயே கழுவி ஊற்றினேன். கைதவறிக் கொட்டிடுச்சுன்னு அம்மாவிடம் சொன்னேன். இல்லை பாப்பா, தெரிந்தேதான் செய்தேன்.

சில வாரத்தில் இலையெல்லாம் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. நர்சரிக்காரரிடம் ஓடினேன், வேரோட அள்ளி வேற மண்ணுக்கு மாத்துங்க, பொழைக்கிறது அதோட இஷ்டம்னார். மட்கிய இலையும் ஊசியிலைச் சருகும் போட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றி, மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். என்னை ஒருநாள் இப்படிக் கவனிச்சிருப்பீங்களான்னு அம்மா கேட்கிறாள். முக்கால்வாசிக் கிளை போய்விட்டது, ஒரு கிளையில் மட்டும் புது இலை நல்ல பச்சையாக வந்திருக்கிறது. மொட்டு இல்லை. இனிப் பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, இதைப் படித்துவிட்டு வராமல் இருந்துவிடாதே. வந்து நன்றாகத் திட்டு, மாப்பிள்ளை எதிரிலேயே திட்டு. ஆமாம், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். அந்தப் படத்தைக் கழற்றிவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், எந்த ரயில் என்று மறக்காமல் எழுது. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஸ்டேஷனில் நின்று சொல்லியிருக்க வேண்டியது இது. இந்தத் தடவை ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா