நான்கு மணிக்குத் திரும்பியவை

கோழிக்கால் ஓடை ஆய்வுக்கூடம்
எழுதுவது: பிரம்மசக்தி, தொட்டிப் பொறுப்பு

நவம்பர் 3, காலை 6.30
தண்ணீர் வெப்பம் 19. மழை. மூன்று அலமாரி, முதல் இரண்டில் முப்பது தட்டு. மூன்றாம் அலமாரி காலி. தட்டைப்புழுக்கள் நலம். ஈரல் விழுது வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்தேன். போன வாரம் மூன்று துண்டாக வெட்டிய புழுவில் வால் துண்டுக்கு வெளுத்த மொட்டு விட்டிருக்கிறது. அது தலையாகும்.

டாக்டர் மெஹருன்னிசா இன்று மலையிறங்குகிறார். எட்டு நாள் நோட்டு என் கையில். "கண்டதை எழுதுங்க அக்கா, நினைச்சதைத் தனியா எழுதுங்க" என்று சொல்லிப் போனார். பதினோரு வருடமாக இந்தத் தட்டுகளைக் கழுவுகிறேன். ஒரு தட்டை அழுகவிட்டதில்லை.

நவம்பர் 4, காலை 6.30
எல்லாம் நலம். மழை விடவில்லை.

இதைப் படிக்கப் போகிறவர் யாரோ, அவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் புழுவின் உடம்பெல்லாம் ஸ்டெம் செல். எந்த உறுப்பு வேண்டுமோ அந்த உறுப்பாக அது மாறும். தலையை வெட்டினால் வாலில் புதுத்தலை முளைக்கும், பழைய தலை கற்றதைப் புதுத்தலை மறக்காது. இங்கே இருப்பவை அதற்கும் மேலே. டாக்டரம்மா மாற்றிய வகை, முதுகில் வெள்ளைக்கோடு உண்டு. தின்றதன் செல்லைத் தன் செல்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆட்டின் ஈரலும் மூளையும் வைத்தோம். ஆறாம் நாள், அந்த ஆட்டின் கழுத்துமணியை ஆட்டினால் புழுக்கள் மணிப்பக்கம் திரும்பின. வேறு மணிக்குத் திரும்பவில்லை. டாக்டரம்மா அழுதுவிட்டார், சந்தோஷத்தில்.

நவம்பர் 5, காலை 11.15
குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. வடிகட்டியைக் கழற்றினேன். புழு அடைத்திருக்கிறது. முதுகில் வெள்ளைக்கோடு.

மறைத்துப் பயனில்லை. வேண்டாத துண்டுகளை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் போட வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் கையால் நான் அதைச் செய்வதில்லை. அந்தத் துண்டுகளை மேலே பாறைக்குழியில் விட்டுவிடுவேன். தேங்கிய தண்ணீர், கீழே வராது என்று நினைத்தேன். இரண்டு வருட வெள்ளிக்கிழமைகள். குழி நிரம்பி ஓடைக்கு வழிந்திருக்கிறது.

குழாய் பார்ப்பவர் சேர்மக்கனி, என் வீட்டுக்காரர். "மழை விடட்டும்ளா" என்றார். "மழை விட்டா நீங்க படுத்துருவிய. என் புழு சாவுது, கெளம்புங்க" என்றேன். "புழுவுக்கு இருக்க மரியாத எனக்கு இந்த வீட்ல இருக்கா பாரு" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சிரித்தபடி மேலே ஓடையில் குழாய் தொடங்கும் இடத்துக்குப் போனார். நாலு மணி ஏலக்காய் டீக்கு வந்துவிடுவார்.

நவம்பர் 5, மாலை 4.40
வரவில்லை. 2.20க்கு மேலே மலை இடிந்த சத்தம். ஓடை மண்ணாக ஓடுகிறது.

சோதனைச்சாவடி தேவசகாயம் வயர்லெஸ்ஸில் வந்தார். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார், என்னை மயினி என்பார்.
"மயினி, ரோடு ரெண்டு எடத்துல போயிட்டு. அண்ணாச்சி மேல பம்பு கொட்டகைலதான் ஒதுங்கியிருப்பாவ. அவுகளுக்கு இந்த மல தெரியாததா? நீங்க வெளிய எறங்கிராதிய."
கொட்டகையில்தான் இருப்பார்.

நவம்பர் 8, காலை 9.00
குழாயில் தண்ணீர் தானாக வந்துவிட்டது, தெளிவாக. "அவுகதான் சரி பண்ணிருப்பாவ" என்று தேவசகாயத்திடம் சொன்னேன். "பின்ன?" என்றார்.

வடிகட்டியில் மறுபடி புழு. கொல்ல மனமில்லை. மூன்றாம் அலமாரியில் பன்னிரண்டு தட்டுகளில் விட்டு ஈரல் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு நிறைந்த புழுதான் ஈரலை மதிக்காது.

நவம்பர் 9, மாலை 4.05
கண்டது: மூன்றாம் அலமாரிப் புழுக்கள் எல்லாம் தட்டின் ஒரே பக்கத்தில், சமையலறைச் சுவரை ஒட்டி. வெளிச்சம் நேராக விழும் பக்கம் அது. இவை வெளிச்சத்துக்கு ஒளியும் ஜாதி. நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அரைமணியில் கலைந்தன.

நினைத்தது: எழுதவில்லை.

நவம்பர் 10, மாலை 5.10
டாக்டரம்மா சொல்லித்தந்தபடி சோதித்தேன். தட்டுகளைத் திருப்பி வைத்தேன், புழுக்களும் திரும்பின. அடுப்பைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினேன், கிழக்கே வந்தன. வெறும் வெந்நீர் வைத்தேன், ஒன்றும் அசையவில்லை. ஏலக்காய் தட்டிப்போட்ட டீக்கு மட்டும் வந்தன. முதல் இரண்டு அலமாரிப் புழுக்கள் எதற்கும் அசையவில்லை.

பக்கத்தில் போய் நின்றேன். என் நிழல் விழுந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன. நகர்ந்தேன், கூடவே நகர்ந்தன. ஆடு மணிக்குத் திரும்பிய மாதிரி.

கொட்டகையில் அவர் இல்லை.

நவம்பர் 11, காலை 10.20
தேவசகாயத்திடம் சொன்னேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு: "மயினி, ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். கீழக் கசத்துல, அந்த ஆழக் குழியில, தண்ணி குடிக்க எறங்கின கன்னுக்குட்டிக்கு மூஞ்சியே இல்ல. அண்ணாச்சி சட்டையும் அங்கதான் கெடந்துச்சு. சட்டை மட்டும்."

அடுத்து அதே வயர்லெஸ்ஸில் டாக்டரம்மா.
"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. ஆனா தள்ளிப்போடாதீங்க. ஓடையில மூட்டை மூட்டையா ப்ளீச்சிங் போடப்போறாங்க. நீங்க அந்தப் பன்னிரண்டு தட்டையும் அழிச்சிரணும். ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி ஊருக்குள்ள வந்துரும்."
"அதுல அவுக இருக்காவளே."
"அது அவர் இல்லக்கா. அவர் ஞாபகம்."
"முப்பத்தோரு வருசம் நான் குடும்பம் நடத்துனது அவுக ஒடம்போடயா, ஞாபகத்தோடயான்னு எனக்குத் தெரியலயே டாக்டரம்மா."
வயர்லெஸ்ஸை நான்தான் அணைத்தேன்.

நவம்பர் 12, காலை 7.00
கடைசித் தட்டில் ஒரு புழுவின் தலையை வெட்டினேன். தலையில்லாவிட்டாலும் நான்கு மணிக்கு வருமா என்று பார்க்க. கோணலாக வெட்டிவிட்டேன். நான் அப்படி வெட்டுகிறவள் இல்லை.

நவம்பர் 12, மாலை 4.10
வந்தது. கண் இல்லை, தலை இல்லை. டீ இருக்கும் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

போகச் சொன்னது நான்தான் என்று அவற்றிடம் சொன்னேன். அடைத்தது என் புழு என்றும் சொன்னேன். கலையவில்லை. அரைமணிக்கும் மேலாக இருந்தன.

நவம்பர் 14, காலை 8.45
ஓடை வெளுத்து ஓடுகிறது. மேலேயும் கீழேயும் கொட்டிவிட்டார்கள். இனி அவர் இருப்பது இந்தப் பன்னிரண்டு தட்டில்தான்.

"மதியத்துக்குள்ள ஏறி வந்துருவோம் மயினி. நீங்களே செஞ்சிட்டா நல்லது. எங்க கையால வேண்டாம்."

கீழே ஊரில் தேவசகாயத்தின் பேத்தி உட்பட நாற்பது பிள்ளைகள் இந்த ஓடையில் குளிக்கிறார்கள். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 14, காலை 9.30
முதல் தட்டை முடித்தேன். நான் குனிந்தபோது என் நிழலுக்குக் கூட்டமாக வந்தன. அந்த நேரத்தில்தான் ப்ளீச்சிங் தண்ணீரை ஊற்றினேன். சுருண்டு, வெளுத்து, கரைந்தன. நான்கு நிமிடம்.

நவம்பர் 14, காலை 9.50
கண்டது: மற்ற பதினோரு தட்டிலும் புழுக்கள் தூர மூலையில். நான் கிட்டப்போகப் போக இன்னும் ஒடுங்குகின்றன.

ப்ளீச்சிங் நாற்றமாக இருக்கும். வாளியை வெளியே வைத்தேன். மூன்று முறை சோப்புப் போட்டேன், வேறு சேலை மாற்றினேன், தட்டுகளுக்குப் புதுத்தண்ணீர் மாற்றினேன். பயந்து ஓடுகின்றன.

டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டைக் கம்பில் மாட்டி நான் நின்ற இடத்தில் நிறுத்தினேன். அசையவில்லை. நான் நின்றேன். ஓடின.

நாற்றத்துக்கு இல்லை. எனக்குத்தான்.

முப்பத்தோரு வருடத்தில் நான் பேசாத பேச்சு இல்லை. கையில் கிடைத்ததை எறிந்தும் இருக்கிறேன். ஒருநாள்கூட அவர் என்னைப் பார்த்து ஒதுங்கியதில்லை.

நவம்பர் 14, காலை 11.20
பதினோரு தட்டு முடிந்தது. சீக்கிரம் முடித்தேன். பார்க்காமல் ஊற்றக் கற்றுக்கொண்டேன்.

காலை 11.40
கடைசித் தட்டு. எல்லாம் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக. டீ போட்டு வைத்தேன். ஏலக்காய் போட்டேன். வரவில்லை.

பாதையில் ஆள் சத்தம். தேவசகாயம் "மயினி" என்று கூப்பிடுகிறார். தாழ் போட்டிருக்கிறேன்.

11.44
ஒன்று வருகிறது. தலையில்லாதது. நான் செய்தது எதையும் பார்க்கக் கண் முளைக்காத அந்த ஒன்று மட்டும். கோணலாக, மெதுவாக, என் விரல் இருக்கும் பக்கம்

கதவை இடிக்கிறார்கள். வாளி பக்கத்திலேயே இருக்கிறது. விரலைத் தண்ணீரில் வைத்திருக்கிறேன். அதற்குப் பசி. கடிப்பது வலிக்கவில்லை. அது என்னையும் கொஞ்சம்