மூலைகளில் நீண்ட நட்சத்திரங்கள்

நாள் 41, காலை 9.10
நிலவின் தென்முனைக் கண்காணிப்பு நிலையம். எழுதுவது செண்பகவல்லி, வானியலாளர். விண்கற்கள் வருகின்றனவா என்று பார்த்து, வெளியே வண்டியில் போகிறவரை எச்சரிப்பது என் வேலை. கற்கள் அதிகம் வரும் பருவம் தொடங்குகிறது. ஒரே படத்தில் கூடுதல் வானம் வேண்டும் என்பதால் தொலைநோக்கியில் ஃபோகல் ரெட்யூசர் பொருத்தினேன். பார்வையை அகலமாக்கும் லென்ஸ் அது. அதிலிருந்து கேமரா சென்சார் வரை 55 மில்லிமீட்டர். அளந்துதான் வைத்தேன்.

நாள் 41, பகல் 1.30
படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் சுத்தமான புள்ளிகள். நான்கு மூலைகளிலும் இழுபட்டு நீண்டிருக்கின்றன. காரணம் தெரிந்துவிட்டது. இடையில் வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது; அதற்காக லென்ஸை இன்னும் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். திருத்த மறுபடி விண்ணுடை மாட்டிக்கொண்டு வெளியே போகவேண்டும். தோள் வலிக்கிறது. நீண்ட நட்சத்திரங்களைக் கல் என்று எண்ணி எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால், மூலைகளைக் கணக்கில் எடுக்காதே என்று கணினிக்குச் சொல்லிவிட்டேன். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

நாள் 41, பகல் 2.05
இங்கே என்னுடன் இருக்கும் ஒரே ஆள், பொறியாளர் ஆரோக்கியம் அண்ணாச்சி. வண்டியில் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறார்.
"ஏம்மா, வானம் முழுசும் தெரியுதுல்லா? கெளம்பட்டா?"
"தெரியுது அண்ணாச்சி. போயிட்டு வாங்க."

நாள் 41, மாலை 5.40
கற்கள் படத்தின் மூலை வழியாக வந்திருக்கின்றன. எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. வண்டியின் சக்கரமும் ஒரு காற்றுக்கலனும் போயின. அண்ணாச்சிக்குக் காயமில்லை. நாளை காலை ஏழரை வரை காற்று உண்டு. இங்கே வேறு வண்டி இல்லை. தலைமைத் தளத்திலிருந்து இரண்டு பேர் மீட்புக் கலத்தில் வருகிறார்கள்.
ரேடியோவில் அண்ணாச்சி: "அழாத தாயி. அம்புட்டுச் சின்னக் கல்லு எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஒம்மேல என்ன தப்பு?"
அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.
கணினிக்குக் கொடுத்த அந்தக் கட்டளையின் பதிவை அழித்துவிட்டேன். இதை எடுத்துப் படிப்பவரே, ஏன் என்று கேட்காதீர்கள். இந்தக் குறிப்பை மட்டும் அழிக்கக் கை வரவில்லை.

நாள் 42, காலை 6.15
வெளியே போனேன். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மெல்லிய உலோக வளையம் ஒன்றைச் செருகினேன். பத்து நிமிட வேலை. வெறும் பத்து நிமிடம்.
இப்போது மூலைகளிலும் நட்சத்திரங்கள் ஊசிமுனைபோல. அவற்றுக்கு நடுவே நட்சத்திரமல்லாத புள்ளிகள். நகர்கின்றன. அடுத்த கூட்டம். பாதையைக் கணக்கிட்டேன், இரண்டு முறை. பள்ளத்தாக்கு.

நாள் 42, காலை 6.22
"நிலையம், மீட்புக் கலம் பேசுறோம். பள்ளத்தாக்குல எறங்கப் போறோம். வானம் கிளியரா?"
இல்லை என்றால் திரும்பிவிடுவார்கள். இன்னொரு முறை வருவதற்குள் அண்ணாச்சிக்குக் காற்று தீர்ந்துவிடும். ஆம் என்றால் மூன்று பேர்.
"கிளியரா இல்ல. கல்லு வருது. திரும்பிடுங்க."
அதே அலைவரிசையில் அண்ணாச்சியும் கேட்டுக்கொண்டிருந்தார்.
"சரியாத்தான் சொன்ன தாயி. அவியளாவது நல்லா இருக்கட்டும்."
தாயி என்கிறார். இன்னும் தாயி என்கிறார்.

நாள் 42, காலை 6.31
சொல்லிவிட்டேன்.
"அண்ணாச்சி, நேத்து மூலை தெரியல. தெரியலைன்னு தெரிஞ்சேதான் ஒங்கள அனுப்புனேன்."
க்ளிக் என்று ஒரு சத்தம். ரேடியோவை அணைத்துவிட்டார்.
கற்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவரிடம் ஒரு மணி நேரக் காற்று இருக்கிறது.