கேட்காமல் விட்ட ஊர்

ஐயா,

கிளினிக் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் எக்ஸ்ரே கையில் அகப்பட்டது. வலது நுரையீரலில் அந்த வெள்ளைத் திட்டு. மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது.

குன்னத்திலிருந்து பஸ் ஏறி, இருபது வருஷமாகச் சர்க்கரைக்குப் பெரம்பலூரில் என்னிடம்தான் வந்தீர்கள். அன்றைக்கு இருமலோடு வந்தீர்கள். "வெளியூர் எங்கயாச்சும் போனீங்களா?" என்று கேட்டேன்.

"வெளியூரு எங்கங்க போறேன்? மவ வூட்டுல மூணு மாசம் இருந்துட்டு வந்தேன், அவ்ளோதான்."

மகள் வீடென்றால் அரியலூர், மிஞ்சிப்போனால் ஜெயங்கொண்டம் என்று நானே முடிவு கட்டினேன். நம்ம பக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட "மவள எந்த ஊருல குடுத்திருக்கீங்க?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். படித்த எனக்கு அது வாயில் வரவில்லை.

சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. இருந்தும் காசநோய் மாத்திரையைத் தொடங்கினேன். இங்கே வேறென்ன இருக்கப்போகிறது என்ற திமிர்தான். நீங்கள் இளைத்துக்கொண்டே வந்தீர்கள். "மாத்திர சூடு போலருக்கு, டாக்டரம்மா" என்று எனக்கே சமாதானம் சொன்னீர்கள். நாலாம் மாதம் பயந்துபோய்த் திருச்சிக்கு அழைத்துப்போனேன்.

மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்ததை அங்கேயும் சொன்னீர்கள். அந்த டாக்டர் முதலில் கேட்டதே மகள் எந்த ஊர் என்றுதான்.

"அமெரிக்காங்க, அரிசோனா. ஒரே காஞ்ச மண்ணு. சின்ன வெங்காயம் போடலாம்னு கொல்லைய கொத்துனேன், அப்பா, என்னா புழுதி!"

அந்தப் பாலைவன மண்ணில் ஒரு பூஞ்சை உண்டு. புழுதியோடு மூச்சில் போய் நுரையீரலில் தங்கிவிடும். சதை எடுத்துப் பார்த்ததில் அதேதான். மருந்தும் உண்டு. ஆனால் அதற்குள் மூளைவரை பரவியிருந்தது.

"வெளிநாடு போனாரான்னு யாரும் கேக்கலையா?" என்றார் அவர். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "எங்க டாக்டரம்மா கேட்டாங்க சார். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன் ஐயா. எழுதவே கை கூசுகிறது.

பத்தே நாளில் போய்விட்டீர்கள். காரியத்துக்கு வந்த உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா ஒழுங்கா சொல்லியிருந்தா நீங்க காப்பாத்தியிருப்பீங்க மேடம்." இன்றும் போனில் அதையே சொல்லி உங்களைக் கோபித்துக்கொள்கிறாள். நான் "அழாதம்மா" என்கிறேன்.

நீங்கள் சொன்னீர்கள் ஐயா. எந்த ஊர் என்று நான்தான் கேட்கவில்லை. இதை உங்களுக்கு எழுத முடிகிறது. அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.