எஞ்சினியர் ஆக்கப்பட்டேன்

சனிக்கிழமை, ரண்டர்ஸ், டென்மார்க்

அமெரிக்காவில் நான் படித்த கல்லூரி, தன் சிறந்த பழைய வீரர்களின் பெயர்களைப் பொறிக்கும் விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் என்னைச் சேர்க்கப்போகிறது. நான்கு வருடம் அவர்களுடைய பேஸ்போல் அணியில் பந்தெறிந்தேன். அதற்காக இன்று இங்கே தமிழ்ச் சங்க விழாவில் பொன்னாடை.

மேடையில் சங்கத் தலைவர் என்னை, "அமெரிக்காவில எஞ்சினியரிங்குக்கு விருது எடுத்த பிள்ளை" என்றார். மண்டபம் கைதட்டியது. நான் எஞ்சினியரிங் படித்ததே இல்லை. அவர் காதில் சொன்னேன்.

அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, "தெரியும் தம்பி. உன்ர அப்பாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர். பந்தெறிஞ்சதுக்குப் பொன்னாடையோ எண்டு சனம் சிரிக்குமாம்," என்றார்.

மைக்கை வாங்கினேன். "நான் எஞ்சினியர் இல்லை. பேஸ்போலில பந்துதான் எறிஞ்சனான். விருதும் அதுக்குத்தான்."

"கிரிக்கெட் எண்டாலாவது பரவாயில்லை," என்றது பின்வரிசையில் ஒரு குரல். சனம் சிரித்தது.

காரில் அப்பா, "என்ர மானத்தை ஏன்டா வாங்கினாய்?" என்றார்.

"பொய் சொன்னது நீங்கள்தானே, அப்பா?"

அவர் ரேடியோவைப் போட்டார்.

அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் நின்று எங்களை வளர்த்தவர். அந்த மேடைக்கு அவரை யாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. டொக்டரையும் எஞ்சினியரையும்தான் கூப்பிடுவார்கள். தன்னை ஒதுக்கியவர்களின் கணக்கையே அவரும் நம்புகிறார். என் கோபம் அதில்தான்.

நாளைக்குத் தலைவரிடம் மன்னிப்புக் கேள் என்று அம்மா சொல்கிறார். கேட்க மாட்டேன். கல்லூரி விழாவுக்கு இரண்டு விமான ரிக்கெற் எடுக்கப்போகிறேன். அப்பா வர மாட்டேன் என்பார். என்றாலும் எடுப்பேன். பந்தெறிந்தவனுக்கு ஒரு மண்டபமே எழுந்து நின்று கைதட்டுவதை அவர் ஒரு தடவை பார்க்கட்டும்.